பொம்மைப் படகுக்கு ஒரு புகைக்குழாய்

"சைலன்சரே வேணாமா?"

ஏசுராஜ் தன் பட்டறையில் அந்தப் பொம்மைப் படகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூணு அடி நீளம். உள்ளே நிஜமான பெட்ரோல் இன்ஜின். ஜெர்மனியில் வாங்கியதாம்.

"வேணாம் மேஸ்திரி. புகை நேரா வெளிய போற மாதிரி ஒரு பைப் பண்ணிக் குடுங்க. சத்தம் நல்லா கேக்கணும்" என்றான் நயீம் அகமது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருக்கும் அப்துல் வஹீத் சாயபுவின் ஒரே மகன்.

"இன்னாத்துக்கு சார்? இப்ப இருக்கிறதே நல்லாத்தானே இருக்கு?"

நயீம் கொஞ்சம் தயங்கினான். "அப்பா ஓட்டுறதுக்கு. அவருக்கு சத்தம் ஜாஸ்தியா வேணுமாம்."

ஏசுராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. பைக்கில் சைலன்சரைக் கழற்றிவிட்டு பஜாரில் பறக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறார். அறுபது வயசில் ஒருத்தருக்கு அந்த ஆசை வந்து இப்போதுதான் பார்க்கிறார். ரெண்டு வருஷமாகச் சாயபு தோல் ஷாப் பக்கமே வருவதில்லை. எல்லாம் மகன்தான். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் இப்படித்தான் புத்தி போகும்.

"எந்த ஏரியில விடுவாரு?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி இருக்கே, அதுலதான்."

அந்த ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தாள் ஏசுராஜின் மனைவி ஜெபகனி. சாப்பிடும்போது அவளிடம் சொன்னார்.

"குறை மாசத்துல பொறந்தது மூணு இருக்குங்க. கதவு சாத்துனாலே தூக்கிப் போடுது. வேற ஏரியில விடச் சொல்லுங்களேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் பெரிய இடம். தோல் ஷாப்பில் தோலை உருட்டி ஊறவைக்கிற டிரம் ரிப்பேர் எல்லாம் இவர் பட்டறைக்குத்தான் வருகிறது. எதற்கு வாயைக் கொடுப்பானேன் என்று விட்டுவிட்டார்.

வேலையில் குறை வைக்கவில்லை. கம்பியை வளைத்து அளவெடுத்தார். பைப்பில் மணலை இறுக்கி அடைத்து, சிவக்கச் சுட்டு, நசுங்காமல் மூணு வளைவு எடுத்தார். இன்ஜினில் உட்காருகிற தகட்டைக் கண்ணாடி மேல் எமரித் தாள் விரித்துத் தேய்த்தார். கடைசியில், சத்தம் அமுங்கட்டும் என்று, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்து, வெளியே தெரியாமல் ஓட்டைத் தகடு ஒன்றை வைத்துப் பற்றவைத்துவிட்டார்.

அவர் பட்டறைச் சம்மட்டிக்கு அக்கம்பக்கம் பத்து வருஷமாகக் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது. ஆனால் அது பிழைப்பு, இது திமிர். ஏசுராஜின் நியாயம் அது.

தண்ணீர் பாயாமல் ஓட்டினால் அந்த இன்ஜின் சூடேறிக் கெட்டுவிடும். அதனால் பட்டறையில் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக ஏரிக்கே போனார்.

கரையில் நாற்காலி போட்டு, மடியில் ரிமோட்டோடு வஹீத் சாயபு உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம் மொதலாளி."

"மேஸ்திரியா? வாங்க, வாங்க." முகத்தை மட்டும் திருப்பவில்லை. கூலிக்காரனுக்கு அது போதும் என்று நினைத்திருப்பார்.

நயீம் இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான். படகு முனகிக்கொண்டு கிளம்பியது.

"சத்தம் கம்மியா இருக்கே மேஸ்திரி?"

"சின்ன இன்ஜின் சார். அவ்ளோதான் வரும்."

ஏசுராஜ் ஆஸ்பத்திரி ஜன்னல்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். நல்ல காரியம் செய்தோம் என்று மனசு நிறைந்தது.

படகு நடு ஏரியைத் தாண்டியது. முனகலும் தேய்ந்து போனது. அது மதகுக் கல்லைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. சாயபுவோ தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

"அப்பா, லெஃப்டுல திருப்புங்க..." என்றான் நயீம்.

"நீ சும்மா இரு. நானே கொண்டாந்துடுறேன்."

அவர் வலது பக்கம் திருப்பினார். படகு கல்லில் மோதிக் கவிழ்ந்தது.

ஓட்டுகிற வண்டியைப் பார்க்காமல் பந்தா பண்ணினால் இதுதான் கதி என்று ஏசுராஜ் நினைத்துக்கொண்டார்.

சாயபு இன்னும் ரிமோட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தார். நயீம் குனிந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

சாயபு ரிமோட்டைத் தடவி எடுத்து மகன் கையில் வைத்தார்.

"எடுத்து உள்ள வெச்சுடு நயீம். கண்ணு போனாலும் சத்தத்த வெச்சு இத ஓட்டிக்கலாம்னு இருந்தேன். இப்ப காதும் போய்டுச்சு போல."