பவுனு போன வீடு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மாடு இருந்ததாம். ராஜாவே வீடு கட்டினாலும், ராஜாவுக்கு முன்னால் அந்த மாடுதான் உள்ளே நுழையுமாம்.

ஊர், குருண் பக்கத்து எஸ்டேட். மாட்டின் பெயர் பவுனு.

பக்கத்து டவுன் சுங்கைப் பட்டாணியில் யார் புது வீடு புகுந்தாலும், பரஞ்சோதி பவுனுவை லோரியில் ஏற்றிக்கொண்டு போவார். கழுத்தில் மாலை, நெற்றியில் பொட்டு. பவுனு படியேறி, ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி, வாழைப்பழம் தின்றுவிட்டு இறங்கும். அவருக்கு அதுதான் பிழைப்பு.

இப்போது பவுனுவின் வாயில் நுரையும் புண்ணும், குளம்பிலும் புண். கோமாரி. பரஞ்சோதியே போன் போட்டுச் சொல்ல, கால்நடை அலுவலகத்திலிருந்து டாக்டர் ரூபினி வந்துவிட்டாள்.

"இந்த ரெண்டு வாரத்துல பவுனு எங்கெல்லாம் போச்சு, அங்கிள்?"

"ஒரே வீடுதான்மா. போன வாரம், உமையாள் வீட்டுக்கு."

ரூபினி அந்த வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்ததுதான் தாமதம். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு வெளியே ஒரு காடி வந்து நின்றது. உமையாள் இறங்கினார்.

"அண்ணே! நோய் மாட்டையா என் வீட்டுக்குள்ள ஏத்தினீங்க?"

"அக்கா, உள்ளே வராதீங்க," ரூபினி கை நீட்டித் தடுத்தாள். "செருப்புல, டயர்லகூட ஒட்டிக்கிட்டுப் போகும்."

"நான் ஏன் வரேன்? இங்கிருந்து பேசினாலே எஸ்டேட் முழுக்கக் கேக்கும்!"

கேட்டது. ரெண்டு பேர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று கேட்டார்கள்.

"என்ன அழகா கட்டியிருக்கேன்னு வந்தவங்கல்லாம் சொன்னாங்க. இனிமே நோய் மாடு புகுந்த வீடுன்னுதானே சொல்வாங்க?"

பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுகூடப் போகட்டும்லா. மறுநாள் விருந்துக்குன்னு வீட்டுக்குப் பின்னாடி ஒரு கிடா கட்டியிருந்தோம். ரெண்டும் ஒரே வாளியில தண்ணி குடிச்சுதுங்க. உங்க மாடு அதுக்கும் ஒட்ட வெச்சிருந்தா? கறி தின்ன சொந்தக்காரங்க அத்தனை பேரும் நுரை தள்ளினா யாரு பதில் சொல்றது?"

"மனுஷங்களுக்கெல்லாம் ஒட்டாதுக்கா."

"என் நாத்தனாருக்கும் ஒட்டாதா?"

"ஒட்டாது."

உமையாள் முகத்தில் லேசான ஏமாற்றம்.

"அன்னிக்கு எடுத்த வீடியோவே இருக்கு, பாருங்க!" வேலிக்கு மேலாகப் போனை நீட்டினார்.

ரூபினி பார்த்தாள். திரும்பவும் ஓட விட்டுப் பார்த்தாள். "அக்கா, இதைப் பார்த்தா..."

"தப்பு என்மேலதான் தங்கச்சி," பரஞ்சோதி குறுக்கே புகுந்தார். "உன் வீட்டுக்கு ஒண்ணும் வராது. எல்லாம் பவுனுவோட போச்சு."

ரூபினி அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல் அவர் தலையசைத்தார்.

"கோயில் குரூப்புல போடத்தான் போறேன். இனிமே யாரும் இந்த மாட்டைக் கூப்பிடக் கூடாது!"

"போடும்மா."

ரூபினி தொண்டையைச் செருமினாள். "அக்கா, அந்தக் கிடா எங்க வாங்கினது?"

"நான் என்ன பேசுறேன், இந்தப் பொண்ணு என்ன கேக்குது! என் தம்பி திவாகரன்தான் வாட்சப்ல பார்த்து வாங்கினான். கறி சும்மா பஞ்சு மாதிரி."

"வித்தவர் நம்பர் குடுங்களேன்."

"ஏன், வீட்டுல விசேஷமா? மாப்பிள்ளை பார்த்தாச்சா?"

"இல்லக்கா, எங்க ஆபீசுக்கே வேணும்."

உமையாள் பெருமையோடு நம்பரைக் கொடுத்தார். காடிவரை போனவர் திரும்பி வந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தை வேலியில் மாட்டினார்.

"வாயெல்லாம் புண்ணாமே. மசிச்சுக் குடுங்க. எனக்குக் கோபம் உங்க மேலதான், அது மேல இல்ல."

காடி போனது. வேடிக்கை பார்த்தவர்களும் போனார்கள்.

"அங்கிள், வீடியோவுல பவுனு ஜம்முனு படியேறுது. பின்னாடி நின்ன கிடாதான் நொண்டுது. பவுனு அங்கே நோயைக் கொண்டு போகல. அங்கேயிருந்துதான் வாங்கிட்டு வந்திருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் வாங்கிக் கட்டிக்கிட்டீங்க? பிழைப்பே போயிடுமே!"

பரஞ்சோதி ஒரு பழத்தை உரித்தார்.

"வாடகை வீடு வாடகை வீடா மாறி, இப்பத்தான் உமையாளுக்குன்னு ஒரு வீடு. பவுனு காலைக் கழுவும்போது அந்தப் பொண்ணு அழுதுருச்சு. நோய் உன் வீட்டுலதான் இருந்துச்சுன்னு எப்படிம்மா சொல்றது?"

"அதுக்காக?"

"மாட்டை எதுக்கு முதல்ல உள்ளே விடுறாங்க? வீட்டுல இருக்கிற பீடையை அது வாங்கிக்கிட்டு வெளியே வரத்தானே? பவுனு அதோட வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு. கூடப் போனவன், எனக்கும் கொஞ்சம் பங்கு வேணாமா?"

ரூபினி பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். கேட்டருகே போய்த் திரும்பினாள்.

"பவுனு குணமாகி, மாட்டை வெளியே கொண்டு போகக் கூடாதுங்கிற தடையும் எடுத்த பிறகு ஒரு போன் போடுங்க அங்கிள். கூலிம்ல எங்க புது வீடு கட்டி முடியப் போகுது. முதல்ல பவுனுதான் நுழையணும். மாட்டு டாக்டர் வீட்டுக்கே வந்த மாடுன்னா, அப்புறம் யாரு என்ன சொல்வாங்க? உமையாள் அக்காவை நானே நேர்ல போய்க் கூப்பிடுறேன்."

சொல்லிவிட்டு, கிடா வந்த வழியைத் தேடி நடந்தாள்.