பதினான்காம் ஆமை

நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், கூடத்துக் கண்ணாடித் தொட்டிக்குள் கிடந்த நட்சத்திர ஆமையைப் பார்த்ததும் வேதவல்லி பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். அதன் ஓட்டில் ரோஸ் நிற நகப்பூச்சில் 14 என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துதான்.

ஞாயிறுதோறும் அவளும் இன்னும் எட்டுப் பேரும் குன்றடிப் புதர்க்காட்டில் ஆமைகளைத் தேடிப் பிடித்து, எண் போட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவார்கள். ஒன்று காணாமல் போனால் தெரியவேண்டும் அல்லவா.

"வாஸ்துக்காரர் வாங்கிக் கொடுத்தார் அண்ணி," என்றாள் நாத்தனார் குமுதா பெருமையாக. "இப்பல்லாம் பண்ணையில வளத்தத ஏமாத்தி வித்துடறாங்களாம். ஓட்டுல நம்பர் இருந்தாத்தான் அசல் காட்டு ஆமையாம்."

வேதவல்லி வாயைத் திறந்தாள். மாமியார் தொட்டிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். கூடம் நிறைய உறவுக்காரர்கள், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஆமை கண்ணாடியை விடாமல் பிறாண்டியது. சத்தம் வெளியே வரவில்லை.

"பதினஞ்சு வந்ததும் உங்களுக்குத்தான்னு சொல்லி வெச்சிருக்கேன் அண்ணி."

வேதவல்லி விரல்களை மடக்கிக்கொண்டாள். பதினைந்தை நேற்றுத்தான் எழுதியிருந்தாள். விரல் நுனியில் ஒட்டிய ரோஸ் இன்னும் போகவில்லை.