உன் இஷ்டம்

கத்தி அவள் கையில் இருந்தது. கணவர் சமையலறை வாசல் நிலையைப் பிடித்தபடி, உள்ளே வரத் துணிவில்லாமல், வெளியே போகவும் வழியில்லாமல் நின்றார்.

“இன்னைக்கு எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். வாயைத் திறந்து சொல்லுங்க!”

“நான் என்னத்தைச் சொல்ல... உன் இஷ்டம்.”

“அந்த வார்த்தையை இன்னொரு தரம் சொன்னீங்க, நடக்கிறதே வேற! ராத்திரிக்கு என்ன சமைக்கிறதுன்னுதானே கேட்டேன்? சொத்தையா எழுதிக் கேட்டேன்?”

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறரையிலிருந்து அறுபது பேரின் கையில் நரம்பைத் தேடிக் குத்திவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்திருந்தாள்.

மத்தியானமே கணவருக்குப் போன் போட்டுக் கேட்டாள். லிஃப்ட் மெக்கானிக் அவர். ஏதோ ஒரு கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து இதே ‘உன் இஷ்டம்’தான் வந்தது.

பத்து வயது மகளைக் கேட்டால், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “ஏதோ ஒண்ணு செய்ம்மா” என்றாள்.

மாமனாரோ இன்னும் ஒரு படி மேலே. “எனக்கென்னம்மா, நாக்கு செத்துப்போன கட்டை. நீ எதைப் போட்டாலும் சாப்பிட்டுட்டுப் போறேன்.” முப்பது வருடம் கோர்ட்டு வாசலில் நின்று சாட்சிகளைப் பேர் சொல்லிக் கூவிக் கூப்பிட்டவர். அந்தக் குரலெல்லாம் எங்கே போனதோ, இப்போது தண்ணீர் கேட்பதென்றால்கூட நாலு தரம் யோசிப்பார்.

“எல்லாருக்கும் எதுவானாலும் சரி. தட்டுல போட்டதும் மூஞ்சி மட்டும் ஏழு முழம் நீளும்! நேத்து உருளைக்கிழங்கு. ‘மறுபடியுமா?’ன்னது யாரு? முந்தாநாள் முட்டை. ‘ஐயே’ன்னது யாரு? சொல்லுங்க!”

மகள் நோட்டை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள்.

“என் இஷ்டம்தானே? சரி. இன்னைக்கு என் இஷ்டப்படிதான் இந்த வீட்ல அடுப்பு எரியும்.”

கத்தியை மேடையில் ‘ணங்’கென்று போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். மூலைக் கடையிலிருந்து திரும்பியபோது பை நிறையப் பாகற்காய்.

பாகற்காய் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே எச்சரிக்கை வந்துவிட்டது, அவள் புருஷனுக்கு அதன் வாசனையே ஆகாது, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான் என்று. அன்றோடு விட்டதுதான். பதினோரு வருஷம்! கூட வேலை பார்ப்பவளின் டப்பாவிலிருந்து பிடுங்கித் தின்றால்தான் உண்டு.

இன்றைக்கு யார் தட்டைத் தள்ளினாலும் தள்ளிக்கொள்ளட்டும். பாகற்காயை வட்டம் வட்டமாக நறுக்கினாள். ஒவ்வொரு வெட்டும் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

சத்தம் கேட்டு மாமனார் எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. “ஏம்மா, அவன் பாவம், உழைச்சுட்டு வந்திருக்கான்...”

“நானும் உழைச்சுட்டுத்தான் மாமா வந்திருக்கேன்.”

அவர் நகர்ந்தார். போகிற போக்கில், “எனக்கு வேற மத்தியானத்துலேருந்து வயிறு ஒரு மாதிரியாத்தான் இருக்கு” என்று சுவரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே சோறு, பருப்பு. வேறு ஒன்றும் இல்லை.

“இதான் சாப்பாடு. பிடிச்சவங்க சாப்பிடுங்க, பிடிக்காதவங்க பச்சைத் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுங்க!”

மகள் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள். “சிப்ஸ் மாதிரி இருக்கும்மா!” என்று கை நிறைய அள்ளிக்கொண்டாள்.

கணவர் சோற்றோடு பாகற்காயைச் சேர்த்துப் பிசைந்தார். முதல் கவளத்தை வாயில் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். பிறகு பாத்திரத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “போதும், நடிக்காதீங்க! என்னைச் சமாதானப்படுத்த ஒண்ணும் கஷ்டப்பட்டு முழுங்க வேணாம்.”

“யாரு நடிக்கிறா? எனக்குப் பாகற்காய்னா உசிரு.”

“உசிரா? வாசனையே ஆகாதுன்னு...”

“உனக்குத்தானே ஆகாது? வீட்டுக்குள்ள வந்தாலே உனக்குக் குமட்டும்னு கேள்விப்பட்டுத்தானே நான் இத்தனை வருஷமா வாயைக் கட்டிக்கிட்டுக் கிடக்கேன்? கம்பெனி கேன்டீன்ல இது போடற அன்னைக்கெல்லாம் நீ கட்டிக் குடுத்த டப்பாவைத் திறக்காமலே கொண்டாந்து உன்கிட்டத் திட்டு வாங்கறேன்!”

கரண்டி அவள் கையிலேயே நின்றுவிட்டது. பதினோரு வருஷம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில்! கோபம், யார் மேல் பாய்வது என்று தெரியாமல் தவித்தது.

“எனக்கு ஆகாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

“உனக்கு யாரு சொன்னது?”

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் வாயில் மென்றுகொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பாவுக்கும் பிடிக்கும், அம்மாவுக்கும் பிடிக்கும்னா, அப்ப யாருக்குத்தான் இது பிடிக்காது?”

மேசையின் அந்தக் கோடியில் வெறும் பருப்புச் சோற்றோடு உட்கார்ந்திருந்த மாமனாரிடமிருந்து, சின்னக் குரலில் பதில் வந்தது.

“எனக்குத்தாம்மா.”