கூடவே ஒரு மாத்திரை

"இங்கே வா கிழவி! உன் சளிக்குப் போன்ல மருந்து வந்திருக்கு."

எசென்பெக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போனைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்தார்.

உல்கான் அடுப்புக்குள் வறட்டியைத் தள்ளினாள். "போன வாரம் நாய்க் கொழுப்பு நல்லதுன்னு வந்துச்சு. நீங்க அதைச் சத்தமாப் படிச்ச அன்னிக்கே நம்ம நாய் ஊரை விட்டுப் போச்சு. இன்னும் திரும்பலை."

"அது எவனோ எழுதினது. இது நம்ம பொண்ணு ஜிபர் தேடி அனுப்பினது. பிஷ்கெக் பெரியாஸ்பத்திரி டாக்டரே எழுதியிருக்காராம்."

சளி இல்லை என்பது அவருக்குத் தெரியும். இலையுதிர்காலத்தில் எக்ஸ்ரே வண்டி ஊருக்கு வந்தபோது, கிழவனும் கிழவியும் சேர்ந்து போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வந்தார்கள். அப்புறம் ஒருநாள் மகள் ஜிபர் போனில் அவரிடம் மட்டும் சொன்னாள்: "அம்மா நுரையீரல்ல கறை இருக்குப்பா. அந்தக் கெட்ட நோய்தான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லும் பழக்கம் அவர்கள் ஊரான அட்-பாஷியில் யாருக்குமே கிடையாது. வீட்டாரிடம்தான் சொல்வார்கள். அன்றிலிருந்து எசென்பெக் போனும் கையுமாகத்தான் இருந்தார்.

"அப்படி என்னதான் போட்டிருக்கு?"

"தினம் ஒரு மாத்திரை. கூடவே கட்டின புருஷனும் ஒண்ணு முழுங்கணுமாம். இல்லேன்னா பொண்டாட்டி உடம்புல மருந்து பிடிக்காதாம்."

"மாத்திரையைக் கண்டா குதிரை ஏறி ஓடுற ஆளாச்சே நீங்க!"

"போன்லயே போட்டிருக்கு. பொய்யா இருக்குமா?"

காலையில் டாக்ஸிக்காரனிடம் மகள் கொடுத்தனுப்பிய டப்பாவைப் பிரித்து, அவளுக்கு ஒன்று கொடுத்தார். தானும் ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை இறுக மூடி விழுங்கினார்.

"தூ! குதிரைக்குக் கொடுக்கிற மருந்துகூட தேவலாம் போல. உனக்காக இதையும் முழுங்க வேண்டியிருக்கு. சளி உனக்கு, இளைக்கிறது நானு! பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டாச்சு."

உல்கான் சிரிக்கவில்லை. அவர் கிண்ணத்தில் தேநீரை ஊற்றி நகர்த்தினாள்.

குடித்துவிட்டுக் குதிரைக்கு வைக்கோல் போட வெளியே போனார். லாயத்தில் நின்றபோது, இவள் போய்விட்டால் அந்த வீட்டில் யார் அடுப்பு மூட்டுவார்கள் என்று நினைப்பு ஓடியது. இருமல் வந்தது. நிற்காமல் வந்தது. கிழவர் அழுகையைத்தான் இருமி மறைக்கிறார் என்று குதிரை நினைத்திருக்கும். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

வீட்டுக்குள் உல்கான் கன்னத்தில் அடக்கியிருந்த மாத்திரையை அடுப்பில் துப்பினாள். தன் பழைய பொத்தான் போனில் மகளைக் கூப்பிட்டாள்.

"ஒரு வழியா முழுங்கிட்டார்டி. நாளைக்கு இன்னொண்ணு எழுதி அனுப்பு, பெரியாஸ்பத்திரிக்கும் புருஷன் கூடவே வரணும்னு. அவருக்கு இன்னும் எத்தனை மாசம்னு டாக்டர் சொன்னாரே, அதை மட்டும் எழுதிடாதே. போன்ல எது வந்தாலும் உங்கப்பா அப்படியே நம்பிடுவார்."