தேத்தண்ணி வாங்கப் போனவன்

"அந்தப் பாட்டுக்காரனுக்கு என்ரை தங்கச்சியைக் குடுக்க ஏலாது. கல்யாணம் இல்லை எண்டு பாதரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வாறன்."

மரியதாசன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார். கல்யாண உடுப்புக்குச் சரிகை தைத்துக்கொண்டிருந்த அக்னெஸ் ஊசியைக் கீழே வைத்தாள்.

மாப்பிள்ளை அருமைநாதன் மட்டக்களப்பான். ஊரில் ஹோட்டல்களில் வெள்ளைக்காரருக்குக் கன்ட்ரி பாட்டுப் பாடியவன். மொன்றியலில் வார நாட்களில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவான். சனிக்கிழமைகளில் அகலத் தொப்பியும் கிற்றாருமாய் லொங்குய்யில் ஒரு பாரில் நின்று, தானே எழுதிய ஆங்கிலப் பாட்டுகளைப் பாடுவான். தொப்பியைப் பார்த்து நக்கலடித்தவர்கள்கூட, முதல் றெக்கோட் வந்ததும் 'எங்கடை பெடியன்' என்று சொந்தம் கொண்டாடத் தொடங்கியிருந்தார்கள்.

இந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்ததே மரியதாசன்தான். இரண்டு பேரும் ஒன்றாயிருந்து குடிக்கிற அளவுக்குச் சிநேகிதம்.

"என்ன நடந்தது அண்ணை?"

"நேற்று அவன் பாடின புதுப்பாட்டைக் கேட்டன். பெர்லின் ஸ்டேஷன்லை ஒருத்தியை நிப்பாட்டி, 'நில், தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டு, வேறை ரெயினிலை ஏறி வந்தவனாம். நான், நான் எண்டு தன்ரை வாயாலையே பாடுறான்."

"அது பாட்டுத்தானே…"

"நடக்காததைப் பாடுவானோ? அவன் பெர்லினாலை வந்தவன், தெரியுமோ உனக்கு?"

பெர்லின் வழியாய் வராதவர்கள் அந்த நாளில் மொன்றியலில் எத்தனை பேர்? மரியதாசனே அப்படி வந்தவர்தான். ஆனால் அண்ணனை எதிர்த்துக் கேட்டு அக்னெஸுக்குப் பழக்கமில்லை.

போன வருஷம் மரியதாசனைக் கட்டிக்கொண்ட திரேசம்மாவும் ஒத்துப் பாடினாள். "ஒருத்தியை நடுவழியிலை விட்டவன் உன்னையும் விடுவான், அக்னெஸ். இவர் சொன்னால் அதிலை ஞாயம் இருக்கும்."

அடுத்த ஞாயிறு பூசை முடிய, கோயில் வாசலில் அக்னெஸ் அருமைநாதனை மறித்தாள்.

"அந்தப் பாட்டு உங்கடை கதையோ?"

"இல்லை."

"அப்ப ஆற்றை கதை?"

அவன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினான். "ஒருவர் அழுதழுது சொன்ன கதை. பேரைச் சொல்ல மாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். பாட்டா எழுதினது என்ட பிழைதான், அக்னெஸ்."

"எனக்குமோ சொல்ல மாட்டியள்?"

அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

கட்டப்போகிறவளிடமே மறைக்கிறான் என்று அக்னெஸுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். அவன் ஒரு வார்த்தை வழக்காடியிருந்தால் நின்றிருப்பாள். பாவி மனிசன் பேசாமல் போய்விட்டான்.

கதைக்குக் கால் முளைத்தது. பெட்டையை ஸ்டேஷனில் விட்டவன் என்று அவனுக்குப் பேராகிவிட்டது. ஒரு தமிழ் வீட்டிலும் அவனை உள்ளே எடுக்கவில்லை. அதே பாட்டை வெள்ளைக்காரர் ரேடியோவில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஆள் அல்பேர்ட்டாப் பக்கம் போய்விட்டான், அங்கே ஊர் ஊராய்ப் பாடுகிறான் என்று கேள்வி.

டோர்வலில் ஒரு ஹோட்டல் லோண்டரியில் அக்னெஸுக்கு வேலை. அந்தப் பாட்டு வந்தால் ரேடியோவை நிற்பாட்டிவிடுவாள். ஒருநாள் இரண்டு கையிலும் ஈரமான படுக்கைச் சீலை. வேறு வழியில்லாமல் முழுப்பாட்டையும் கேட்டாள்.

பக்கத்தில் நின்று மடித்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரி செலீனுக்குக் கண் கலங்கியிருந்தது. "யாரோ செய்ததுக்கு இந்தப் பாட்டுக்காரன் அழுகிறான்," என்றாள் அரைகுறை ஆங்கிலத்தில்.

"அவனே செய்திருந்தால்?"

"செய்தவன் பாடுவானா? வாயே திறக்கமாட்டான்."

அக்னெஸ் கையிலிருந்த சீலையைக் குவியலில் போட்டாள். இந்தச் சின்ன விஷயம் தன் புத்திக்கு எட்டாமல் போயிற்றே. நாசமாய்ப் போன ரோசத்தில் நல்ல மனிசன் ஒருவனைத் தொலைத்துவிட்டேனே என்று அந்தச் சீலைக் குவியலுக்குப் பின்னால் நின்று அழுதாள். அதன் பிறகு அந்தப் பாட்டை ஒருநாளும் நிற்பாட்டவில்லை. ஒவ்வொரு வரியும் பாடமாகிவிட்டது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் துணிந்து வாயைத் திறந்தாள்.

"அண்ணை, அருமைநாதன் அப்பிடிச் செய்திருக்கமாட்டார். நாங்கள் அநியாயமாப் பழி போட்டிட்டம்."

"அவன்ரை கதையை இந்த வீட்டிலை எடுக்காதை."

"ஒரு ஸ்டேஷன், ஒரு பொம்பிளை, ஒரு தேத்தண்ணி. எல்லாம் கற்பனையாயும் இருக்கலாம்தானே?"

"கற்பனையோ?" மரியதாசன் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அந்தப் பிள்ளை தாயின்ரை கோட்டுத் தொங்கலைப் பிடிச்சுக்கொண்டு அண்டைக்குத்தான் முதல்முதலா எழும்பி நிண்டது. அதைத் திரும்பிப் பாத்துப்போட்டு ரெயின் ஏறினவன் ஒரு மனிசனோ? கற்பனையாம்."

"ஐயோ, பாவம் அந்தப் பிள்ளை," என்று திரேசம்மா உச்சுக்கொட்டினாள்.

அக்னெஸ் அண்ணனின் முகத்தையே பார்த்தாள்.

"அந்தப் பாட்டுக்குள்ளை பிள்ளையே இல்லையே, அண்ணை."