தவளைக்குப் பிடித்த பெரணி

கண்ணாடித் தொட்டிக்குள் தன் மரத்தவளைக்கு ஒரு தோட்டம் போடக் குட்டிப் பெரணி வாங்க வந்த பரஞ்சோதி, தவளையையும் டிபன் பாக்ஸில் போட்டுக் கூட்டிவந்திருந்தார். கூட வாழப்போகிறவனுக்குப் பிடிக்க வேண்டாமா? நர்சரி இஸ்மாயில் பாய் ஒவ்வொரு செடியாக எடுத்துவைக்க, இவர் ஜவுளிக்கடைக்கு வந்தவர்போல இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வளர்ந்தா மூடியில முட்டுமே பாய்? இதுக்கு வெயில் ஆகுமா? தண்ணி அதிகமானா அழுகிடாதே?"

கவிழ்த்த பூச்சட்டிமேல் உட்கார்ந்திருந்த மனைவி வசுமதி கொட்டாவி விட்டாள். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ பஜ்ஜித் தட்டை விட்டுத் தலையே நிமிரல இந்த மனுஷன்."

"சரி, மாப்பிள்ளையே சொல்லட்டும்" என்று பரஞ்சோதி டப்பாவைத் திறந்தார்.

தவளை வரிசையாக இருந்த பெரணிகளை ஒரு பார்வை பார்த்தது. தாவியது. வசுமதியின் பச்சைப் புடவைத் தோளில் ஒட்டிக்கொண்டு, காலை மடக்கி, கண்ணை மூடிக்கொண்டது.

பரஞ்சோதி பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"தொடாதீங்க, தூங்குது" என்றாள் வசுமதி, அசையாமல்.

நீட்டிய கை அப்படியே நிற்க, அவர் மனைவியை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"உனக்கு... வெயில் ஆகுமா?"