கிண்ணத்தளவு வயிறு

"ஒரே ஒரு ஜிலேபிதான்! வாயைத் திறடா ஹரிவதன். இந்தக் கை சும்மா திரும்பினதா சரித்திரமே இல்லை."

இந்து ஃபோய் ஜிலேபியை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்திருந்தார். ஃபோய் என்றால் அத்தை; ஹரிவதனின் அப்பாவுக்குத் தங்கை, அன்றைய கல்யாண மாப்பிள்ளைக்கு அம்மா. சூரத் கல்யாணங்களில் தட்டில் போடுவதுதான் சமையல்காரர்கள் வேலை. வாயில் திணிப்பது வீட்டாரின் வேலை. வேண்டாம் என்று சொல்பவனுக்கு இரண்டாகத் திணிப்பார்கள்.

பாகு சொட்டியது. ஹரிவதன் உதட்டை இறுக்கிக்கொண்டான். ஒருமுறை திறந்தால் மூடுவது கஷ்டம் என்று அவனுக்கே தெரியும்.

"ஃபோய், ஃபோய்! அவருக்குத்தான் எடை குறைய வயித்தை வெட்டியாச்சே!" குறுக்கே பாய்ந்தாள் அவன் மனைவி நயனா. கைப்பையிலிருந்து சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்துச் சாட்சிக்கு நீட்டினாள். "இப்ப வயிறே இவ்வளவுதான். அந்த ஜிலேபி உள்ள போச்சுன்னா, இவரை ஆம்புலன்ஸ்லதான் வெளிய கொண்டு போகணும்."

"ஐயையோ, மறந்தே போச்சு! என் பிள்ளை கல்யாணத்துல அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்மா." ஃபோய் கையை வெடுக்கென்று இழுத்து, அதே வேகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் வாயில் ஜிலேபியை அடைத்துவிட்டு நகர்ந்தார்.

நயனா பெருமூச்சு விட்டாள். "நாளைக் காலைல பத்து மணிக்குத் தராசு. ஞாபகம் இருக்குல்ல?"

மறக்க முடியுமா? நூற்றுப் பதினெட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால், "பழக்கம் நிலைக்காதவரோடு மல்லுக்கட்ட என்னால் முடியாது, வேறு டாக்டரைப் பாருங்கள்" என்று போன தடவை டாக்டர் பரீக் கையெடுத்துக் கும்பிட்டிருந்தார். சர்க்கரை ஒரு பக்கம், முட்டி வலி ஒரு பக்கம் அவனை வாட்டிக்கொண்டிருந்தன. அவனைச் சேர்த்துக்கொண்ட மூன்றாவது டாக்டர் இவர். நான்காவது ஒருவர் சூரத்தில் இல்லை.

கிண்ணத்தில் கெட்டிப் பருப்பு, நாலு பன்னீர்த் துண்டு, எண்ணெய் வடித்த இரண்டு காய். ஒரு வாய்க்கு இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். நயனா எண்ணினாள்.

"பதினாலு... பதினஞ்சு... என்ன, முழுங்கிட்டீங்களா?"

"வழுக்கிடுச்சு."

"அடுத்த வாய்க்கு முப்பத்தஞ்சு."

நயனாவின் தம்பி மயூர், பாரம் ஏற்றிய லாரி மாதிரி ஒரு தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தான். உப்பிய பூரிகளுக்கு நடுவே பாசுந்தி ததும்பியது.

"என்ன ஜீஜாஜி, மூணு மாசத்துல பன்னிரண்டு கிலோதானா? என் கூட்டாளியோட மச்சான் இதே ஆபரேஷன் பண்ணி முப்பது கிலோ இறக்கிட்டான். உங்க டாக்டர் வயித்தை வெட்டினாரா, நகம் வெட்டினாரா?"

"ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி. நீ உன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுடா" என்றாள் நயனா.

"ஆனா ஒண்ணு ஜீஜாஜி. பசியே எடுக்காதாமே?"

ஹரிவதன் பூரியைப் பார்த்தான். பூரியும் அவனைப் பார்த்தது.

"எடுக்காது" என்றான். அவன் வயிறு உள்ளிருந்து ஏதோ ஆட்சேபம் தெரிவித்தது. நல்லவேளை, மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கொடுத்து வச்சவர். நாங்கதான் கட்டுப்பாடா இருந்து சாகணும். உங்களுக்கு எல்லாம் தானா நடக்குது" என்று அலுத்துக்கொண்டு மயூர் ஐந்தாவது பூரியைக் கிழித்தான்.

"எழுந்திருங்க. தண்ணி அரை மணி கழிச்சு. இப்ப நடை" என்றாள் நயனா.

தினமும் விடிகாலையில் தாபி ஆற்றங்கரையில் முக்கால் மணி நேர நடை. இன்று காலை மாப்பிள்ளை ஊர்வலத்தில் அது போய்விட்டதால், பந்தலுக்கு வெளியே நிறுத்தியிருந்த கார்களைப் பட்டு ஜிப்பாவோடு சுற்றி நடந்தான். ஐந்தாவது சுற்றில் காவலாளி எழுந்து வந்தார்.

"என்ன சேட், காரைக் காணோமா?"

"காணோம்தான். தேடிட்டே இருக்கேன்."

ஆறாவது சுற்று பந்தலின் பின்பக்கமாகப் போனது. அது நடந்தவனின் குற்றம் இல்லை, வழி அப்படி. அங்கே ஜிலேபி சுடுபவர் சூடாக ஒன்றை எடுத்து நீட்டினார். நயனா கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஹரிவதன் கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. விரல் சுட்டது. வாய்வரை கொண்டுபோனான். அரை நிமிடம் அப்படியே நின்றான்.

பிறகு திரும்பி நடந்து, அதைக் காவலாளியிடம் கொடுத்தான்.

"கார் கிடைச்சிடுச்சா சேட்?"

"கிடைச்ச மாதிரிதான்" என்று ஏழாவது சுற்றைத் தொடங்கினான்.

மறுநாள் காலை தராசு நூற்றுப் பதினேழரை காட்டியது. டாக்டர் பரீக் அவனை இறங்கச் சொல்லி, மறுபடி ஏற்றினார். அதே பதினேழரை.

"நேத்து கல்யாணம்னு கேள்விப்பட்டேனே. போகலையா?"

"போனேன் டாக்டர்."

"ஜிலேபி?"

"காவலாளி சாப்பிட்டார்."

மூன்று மாதத்தில் முதல்முறையாக டாக்டர் சிரித்தார். "பழக்கம் வந்துடுச்சு ஹரிவதன்பாய். இனி எனக்குப் பயமில்லை. வியாழக்கிழமை வந்து படுங்க. வெள்ளிக்கிழமை காலைல வயித்தை வெட்டிடலாம்."

ஹரிவதன் கண்கலங்கிக் கும்பிட்டான். நயனாதான் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"வெட்டின மாதிரியே மூணு மாசம் இருந்து காட்டினாத்தான் கத்தியை எடுப்பேன்னு சொன்னீங்க. வெட்டியாச்சுன்னு சொல்லலேன்னா எவனும் வாயில திணிக்காம விடமாட்டான்னு சூரத் பூரா சொல்லி வச்சுட்டோம் டாக்டர், இப்ப எதை வெட்டப் போறோம்னு சொல்றது?"